ஓடியவன் முகம், சுமந்தவன் முதுகு

நான் சினிமாவில் நடித்திருக்கிறேன். எங்கே சொன்னாலும் அடுத்து வரும் கேள்வி, "என்ன வேஷம்?" என்பதுதான். போர்வீரன் என்று சொல்வேன். பொய்யில்லை. போர்க்களத்திலிருந்து தலைதெறிக்க ஓடிப்போகும் போர்வீரன் என்று முழுசாகச் சொன்னால் கேட்டவர்களுடைய முகம் சுருங்கிவிடுகிறது. அதனால் பாதியோடு நிறுத்திக்கொள்வேன். பாதி உண்மையோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் எனக்குச் சினிமாவால் வந்ததல்ல, அது முன்பே இருந்தது.

அப்போது ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் பிரஸ் ஆபரேட்டர். மூக்கண்டப்பள்ளியில் ஓர் அறையும் அதன் மூலையில் சமையல் மேடையும் உள்ள வாடகை வீடு, அதில் நானும் மனைவியும். பிரஸ் மெஷின் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து ஒரு பெரிய இரும்பு இறங்கி, வேண்டிய வடிவத்துக்கு அழுத்திவிட்டு ஏறிப்போகும். தகட்டுக்கும் கைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அதனால் மெஷினைச் செய்த புண்ணியவான்கள் முன்பக்கத்தில் இரண்டு பட்டன்கள் வைத்திருந்தார்கள். இடது கையால் ஒன்று, வலது கையால் ஒன்று என்று இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பட்டன் மேல் இருக்கும்போது உள்ளே விட மூன்றாவது கை யாருக்கும் கிடையாது. அருமையான ஏற்பாடு.

ஆனால் மணிக்கு இத்தனை பீஸ் என்று பலகையில் எழுதியவர்கள் இந்த ஏற்பாட்டைக் கேட்டுக்கொண்டு எழுதவில்லை. இரண்டு பட்டனையும் யோக்கியமாக அழுத்தினால் அந்த எண்ணிக்கையில் முக்கால்வாசிகூட வராது. எண்ணிக்கை வராவிட்டால் சூப்பர்வைசர் வருவார். அவர் வராமல் இருக்க எங்களிடம் இருந்ததுதான் தக்கை.

கட்டைவிரல் நுனி அளவில் ஒரு வெள்ளை நைலான் துண்டு. டூல் ரூமில் யாரோ ஒரு கலைஞன் கடைசல் மெஷினில் கடைந்து, ஓரமெல்லாம் மழுக்கி, கைக்குப் பதமாகச் செய்து வைத்திருந்தான். இடது பட்டனை அழுத்தி, அதைச் சுற்றியிருக்கும் வளையத்துக்குள் தக்கையைச் செருகினால் பட்டன் அழுந்தியபடியே நிற்கும். பிறகு வலது கை பட்டனைத் தட்டும், இடது கை தகட்டை மாற்றும், வேலை பறக்கும். எங்கள் தொழிற்சாலையில் தயாரான பொருட்களில் ஒரு தடவைகூட ரிஜெக்ட் ஆகாதது அது ஒன்றுதான். ஆடிட்காரர்கள் வரும் நாளில் தக்கை சூப்பர்வைசரின் மேசை டிராயரில் ஓய்வெடுக்கும், அவர்கள் போனதும் திரும்பி வரும்.

இந்தத் திருட்டுத்தனத்துக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தோம். ஷிப்ட் மாறும்போது, போகிறவன் தக்கையை உருவி, வருகிறவனின் உள்ளங்கையில் வைக்க வேண்டும். வைத்துவிட்டு "குடுத்தன்" என்று சொல்ல வேண்டும். வாங்கியவன் விரலை மூடிக்கொண்டு "வாங்கிட்டன்" என்று சொல்ல வேண்டும். மெஷின் சத்தத்தில் கேட்காவிட்டால் கத்த வேண்டும். தக்கை கைக்கு வந்தால்தான் மெஷின் காலியாக இருக்கிறது என்று அர்த்தம். சுவரில் நாலு மொழிகளில் ஒட்டியிருந்த பாதுகாப்பு வாசகங்களை யாரும் படித்ததில்லை. இந்த இரண்டு சொற்களை மட்டும் எல்லோரும் மதித்தோம்.

என்னிடமிருந்து தக்கையை வாங்குகிறவன் பேரிகைக்காரன், பேரிகை ஓசூருக்குப் பக்கத்தில் ஓர் ஊர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னோடு தமிழ், கோபம் வந்தால் மூன்றும். ஐந்து வருடமாகத் தினமும் பத்து நிமிடம் மட்டுமே பார்த்துக்கொள்ளும் நட்பு எங்களுடையது. அவரைக்காய் சீசனில் தோட்டத்திலிருந்து ஒரு பை கொண்டுவந்து தருவான். "உரிச்சு சாப்பிடு, அப்பிடியே முழுங்காத" என்பான். என்னை விட நல்ல வேலைக்காரன். இதை அப்போது ஒத்துக்கொண்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பெரிய சரித்திரப் படம் எடுக்கப் போகிறார்கள் என்றும், படைக்கு ஆள் வேண்டும் என்றும் மூக்கண்டப்பள்ளி டீக்கடைகளில் ஒரு ஏஜெண்ட் சொல்லிக்கொண்டு திரிந்தான். தாடி இருந்தால் முன்னுரிமை. எனக்குத் தாடி இருந்தது. சவரம் செய்யச் சோம்பல்பட்டதில் வளர்ந்த தாடி ஒரே நாளில் தகுதியாகிவிட்டது. மதியம் இரண்டரைக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் ஆள் எடுப்பு. என் ஷிப்ட் முடிவது இரண்டு மணிக்கு. கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தால் மண்டபத்துக்குப் போய்ச் சேர மூன்றாகும்.

அதனால் இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே கிளம்பிவிட்டேன். பேரிகைக்காரன் இன்னும் உள்ளே வந்திருக்கவில்லை. வருகைக் கார்டை வேறொருவனிடம் கொடுத்து இரண்டு மணிக்குத் தேய்க்கச் சொல்லிவிட்டு, யூனிபார்மோடு ஒரு பைக்கில் தொற்றிக்கொண்டு போனேன். வீரனாகச் சேர்வதற்காக என் இடத்தை விட்டு ஓடினேன் என்பதை இன்று எழுதும்போதுதான் கவனிக்கிறேன், அன்று அவசரம்.

மண்டபத்தில் ஐம்பது ஐம்பது பேராக நிறுத்தி ஓடிக் காட்டச் சொன்னார்கள். நாற்காலிகளைச் சுற்றி இரண்டாவது சுற்று ஓடும்போது நினைவுக்கு வந்தது. தக்கையை நான் எடுக்கவில்லை.

போன் செய்திருக்கலாம். பேரிகைக்காரனின் போன் லாக்கரில் இருக்கும். ஆனால் சூப்பர்வைசரின் நம்பர் என்னிடம் இருந்தது. அவரைக் கூப்பிட்டால் ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்பியது தெரிந்துவிடும். கார்டு தேய்த்தவனும் மாட்டுவான். பேரிகைக்காரன் பார்த்துக்கொள்வான், கண் இல்லையா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மூன்றாவது சுற்றும் ஓடினேன். சென்னையிலிருந்து வந்திருந்த உதவி இயக்குநர், இருபத்தைந்து வயசுப் பெண், என்னைக் கைகாட்டி நிறுத்தினார்.

"அண்ணா, நீங்க சூப்பர்ணா. அந்த மூஞ்சில ஒரு பயம் இருக்கு பாருங்க, ரொம்ப நேச்சுரலா இருக்கு. உங்கள ஓடிப்போற கூட்டத்துல முன்னாடி நிக்க வைக்கிறேன்."

நான் தேர்வானேன். அதே நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக, தகடு வரத் தாமதமானதால் அப்போதுதான் பேரிகைக்காரன் மெஷின் முன்னால் உட்கார்ந்து, தக்கையை உருவாமல் நான் போயிருக்க மாட்டேன், அதனால் பட்டன் இரண்டும் சுத்தமாக இருக்கிறது என்று நம்பி, முதல் தகட்டை வைத்திருக்கிறான். தகடு சரியாக உட்காரவில்லை என்று இடது கையை உள்ளே விட்டுத் தள்ளியிருக்கிறான். வலது கை சும்மா பட்டன் மேல் சாய்ந்திருக்கிறது. இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போனேன். கையில் பெரிய கட்டு. அவன் மனைவி வெளியே மருந்து வாங்கப் போயிருந்தாள். அவன் முதலில் கேட்டது ஒன்றைத்தான்.

"தக்கைய எடுத்தியா இல்லியா?"

இந்த இடத்தில் ஒரு மனிதன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான், "எடுத்தன்னுதான் நெனைக்கிறன்" என்றேன். எவ்வளவு நேர்த்தியான வாக்கியம் பாருங்கள். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. அவன் கட்டுப் போட்ட கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு, "அப்ப நாந்தான் வெச்சனோ என்னமோ. மண்டை கொழம்பிப் போச்சு" என்றான். என் பேச்சை நம்பி, தன் ஞாபகத்தைச் சந்தேகப்பட்டான். நான் ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தொழிற்சாலையில் விசாரணை வைத்தார்கள். விபத்துக் களேபரத்தில் கழன்று தரையில் விழுந்து கிடந்த தக்கையை எடுத்து ஒரு கவரில் போட்டு, மேலே முத்திரை குத்தி மேசை நடுவில் வைத்திருந்தார்கள். பிரஸ் ஷாப்பில் இருந்த அத்தனை பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இதைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார்கள். வருடக்கணக்காகத் தினமும் கையில் வாங்கி, கொடுத்து, வியர்வை படிந்து மஞ்சளாகிப்போன அந்தப் பொருளை யாரும் பார்த்ததே இல்லை. டூல் ரூம்காரர்கள் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டும் பார்த்ததில்லை என்றார்கள். டிராயரில் அதற்கு இடம் கொடுத்த சூப்பர்வைசர், "என்ன சார் இது, பிளாஸ்டிக்கா?" என்று கேட்டாராம்.

என்னை எச்.ஆர். அதிகாரி தன் அறைக்கே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், டீ வந்தது. "உங்க மேல ஒண்ணும் வராது, கவலப்படாதீங்க. இதுல ஒரு கையெழுத்து மட்டும்" என்று டைப் செய்த தாளை நீட்டினார். ஷிப்ட் முடிவில் மெஷின் சரியான நிலையில் ஒப்படைக்கப்பட்டது, மேற்படி தக்கையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. இரண்டே வரி. யாரும் மிரட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. டீயில் சர்க்கரை சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தாளின் பொருள் எளிது. நான் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் தக்கையை வைத்தவன் அவன்தான். விதியை மீறித் தன் விரலைத் தானே நறுக்கிக்கொண்டு, இல்லை என்று பொய்யும் சொல்கிறான். அவனை சஸ்பெண்ட் செய்தார்கள். கடைசி அமர்வில் இது உறுதியானால் வேலை போய்விடும். இரண்டு விரல் இல்லாத, வேலையிலிருந்து நீக்கப்பட்ட, பொய்யன் என்று எழுதப்பட்ட ஒருவனுக்கு ஓசூரில் எந்தக் கம்பெனி கேட்டும் திறக்காது.

வீட்டில் என் மனைவி ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, "அன்னிக்கு நீங்க யூனிபார்மோடவே மண்டபத்துக்குப் போனீங்க இல்ல?" என்று மட்டும் கேட்டாள். நான் மடித்த துணியை எடுத்து அலமாரியில் வைத்தேன். அவள் திரும்பக் கேட்கவில்லை. அந்த ஞாயிறு மாதா கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபப்பட்டது, பூசைக்கு இரண்டு வாரம் வராதது, பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துப் பொறாமைப்பட்டது என்று வரிசையாகச் சொல்லி, நடுவில் "ஒரு பொய்யும் சொன்னேன் சுவாமி" என்று செருகினேன். அதையும் தக்கை மாதிரிதான் செருகினேன். பரிகாரமாக மூன்று அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார் சாமியார். ஐந்து சொன்னேன். மீதி இரண்டு யார் கணக்கில் போயிற்றோ தெரியவில்லை.

இதற்கிடையில் படப்பிடிப்பு தொடங்கியது. காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு விடியற்காலை வேனில் ஏறிப் போனோம். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒரு பாறைக் குன்று. அதன் உச்சியில் உண்மையான கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறது, ஆடு மேய்கிறது. அது கோட்டை மாதிரி இல்லை என்று இயக்குநருக்குத் தோன்றியதால், அடிவாரத்தில் பிளைவுட்டும் பிளாஸ்டர் ஆப் பாரிஸும் வைத்து ஒரு நல்ல கோட்டை கட்டியிருந்தார்கள். எங்களுக்குத் தலைப்பாகை, தெர்மகோல் கேடயம், பெயிண்ட் வாசம் அடிக்கும் மரக்கத்தி. வெள்ளைக்காரப் படைக்குப் பெங்களூரிலிருந்து நிஜமாகவே வெள்ளையாக இருந்த பத்துப் பேரை முன்வரிசைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பின்வரிசை வெள்ளைக்காரர்கள் எல்லோரும் பக்கத்துச் சூளகிரி ஊர்க்காரர்கள்.

கதையை உதவி இயக்குநர் ஒலிபெருக்கியில் விளக்கினார். நாயகன் கோட்டை வாசலைக் காக்கும் வீரன். எதிரி வரும் நாளில் பயந்து வாசலை விட்டு ஓடிவிடுகிறான். அவனோடு ஒரு கூட்டமும் ஓடுகிறது. வாசல் திறந்து கிடந்ததற்கு நாயகனின் நண்பன்மேல் துரோகிப் பட்டம் விழுகிறது. ஊர்ப் பெண்கள் நாயகனுக்குத் தட்டில் வளையல் வைத்து அனுப்புகிறார்கள். அவமானம் தாங்காமல் மாறுவேடத்தில் திரும்பிப் போய், காயம்பட்ட நண்பனைப் போர்க்களத்திலிருந்து முதுகில் சுமந்து வருகிறான். மானம் திரும்பிவிடுகிறது.

நான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டேன். இந்தக் கதையை யார் இவர்களுக்குச் சொன்னார்கள் என்று கொஞ்ச நேரம் நிஜமாகவே பயந்தேன்.

ஓடும் காட்சி ஒரே டேக்கில் முடிந்தது. நாயகனுக்கு நாலு அடி பின்னால் நான். கேமரா என் முகத்துக்கு வந்துபோனது. உதவி இயக்குநர் கைதட்டினார். "பெர்ஃபெக்ட்ணா, எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார். சொன்னால் நீளும் என்று சிரித்துவைத்தேன்.

மறுநாள் காலை சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் ரத்தச் சாயம் பூசிய ஒருவன் தட்டை இடது கையில் விசித்திரமாகப் பிடித்திருந்தான். கட்டைவிரலும் கடைசி இரண்டு விரலும் மட்டும். திரும்பினான். பேரிகைக்காரன்.

சஸ்பெண்டில் சும்மா இருக்கிறான் என்று அவன் ஊர்க்காரன் யாரோ ஏஜெண்டிடம் சொல்லியிருக்கிறான். காயம்பட்டவர்களுக்கு விரல் இல்லாத ஆள் கிடைத்தால் மேக்கப்காரருக்கு வேலை மிச்சம். உதவி இயக்குநர் அவனைப் பார்த்ததும், "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, உங்க கை எங்களுக்கு ரொம்ப யூஸ்ஃபுல்" என்றாராம். தொழிற்சாலை வேண்டாம் என்று தள்ளிய கைக்கு ஒரு மரியாதை கிடைத்தது. அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாயகன் நண்பனைச் சுமந்து வரும் காட்சியை அன்று எடுத்தார்கள். நாயகனாக நடித்தவருக்கு இடுப்பு வலி. முன்பக்கத்தில் முகம் தெரியும் துண்டை மட்டும் அவர் செய்வார், தூரத்திலிருந்து முதுகு தெரியும் துண்டுக்கு அதே உயரத்தில் ஓர் ஆள் வேண்டும். உதவி இயக்குநர் வரிசையில் ஒவ்வொருவரையும் முதுகுப் பக்கம் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார். சுமக்கப்படுகிறவனின் தொங்கும் கையை அருகில் காட்ட வேண்டும் என்பதால் அதற்கு அவன். இதில் யாருடைய சதியும் இல்லை. உயரமும் விரலும் பார்த்துச் சேர்த்தார்கள்.

அவனைத் தூக்கி முதுகில் போட்டார்கள். புகை, தூசி, வெயிலில் கொதிக்கும் பாறை. இருநூறு அடி நடக்க வேண்டும். முதல் டேக்கில் புகை வரவில்லை. இரண்டாவதில் பின்னால் ஒரு வெள்ளைக்காரன் போனில் பேசிக்கொண்டிருந்தான். "பேக, பேக!" என்று ஏஜெண்ட் கன்னடத்தில் விரட்ட, மூன்றாவது தடவை ஏற்றினார்கள். அவன் இடது கை என் மார்பின் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. இல்லாத இரண்டு விரலின் இடம் என் கண்ணிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஆடியது. புதுத்தோல், இளஞ்சிவப்பு. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அன்றுதான் அதைப் பார்க்கிறேன். கட்டுப் பிரித்த பிறகு பார்க்க ஒரு தடவையும் போகவில்லை.

பாதி தூரத்தில் காதுக்குப் பக்கத்தில் அவன் குரல் கேட்டது. காயம்பட்டவன் பேசக் கூடாது என்று சொல்லியிருந்ததால் உதடு அசையாமல் பேசினான்.

"ஏம்ரா. இப்ப சொல்லு. எடுத்தியா இல்லியா?"

நான் நடந்துகொண்டே இருந்தேன். நின்றால் டேக் வீணாகிவிடும்.

"எடுக்கல" என்றேன்.

அவன் உடம்பு என் முதுகில் ஒரு கணம் இறுகியது, பிறகு தளர்ந்தது. நீளமாக மூச்சு விட்டான். கோபப்படுவான் என்று நினைத்தேன். கீழே இறக்கினதும் அடிப்பான் என்றுகூட நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும்.

"அப்ப நான் வெக்கல. எனக்குப் பைத்தியம் இல்ல" என்றான். கொஞ்ச தூரம் போனதும், "எங்காதுல சொல்லி என்னா பிரயோஜனம்? அங்க சொல்லு" என்றான்.

காட்சி ஓகே ஆனது. இயக்குநரே எழுந்து வந்து, அந்த நடையில் ஒரு பாரம் தெரிந்தது என்று பாராட்டினார். அறுபத்தெட்டு கிலோ சார், தெரியாமல் இருக்குமா என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன்.

கடைசி அமர்வு அடுத்த வாரம். தொழிற்சாலை ஏற்பாடு செய்த ஒரு வக்கீல்தான் விசாரணை அதிகாரி. எதிரே அவன், வெளுத்த சட்டையில், இடது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு. நான் நிர்வாகத்தின் சாட்சி. பழைய தாளை வாசிப்பார்கள், ஆமாம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். படத்தில் இந்த இடத்தில் நாயகன் இரண்டு பக்க வசனம் பேசுவார், பின்னால் முரசு அடிக்கும். எனக்கு ஏசி சத்தம் மட்டும் கேட்டது.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார். ஆனா எழுதினது பொய். தக்கைய வெச்சது நான். எடுக்காம போயிட்டன். அவர் வர்றதுக்கு முன்னாடியே கெளம்பிட்டன்."

எச்.ஆர். அதிகாரி தொண்டையைச் செருமினார். வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப ஏன் கையெழுத்துப் போட்டீங்க? யாராவது மிரட்டினாங்களா?"

நல்ல வாய்ப்பு. ஆமாம் என்றிருந்தால் பாதி பாரம் வேறு பக்கம் போயிருக்கும். "யாரும் மிரட்டல சார். மிரட்டாமலே பயந்துட்டன்" என்றேன்.

தக்கை டூல் ரூமில் பிறந்தது, சூப்பர்வைசர் டிராயரில் தூங்கியது என்பதையும் சொன்னேன். அது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லை என்று வக்கீல் பேனாவை மூடிவிட்டார். ஆனால் என் ஷிப்டில் நான் வைத்தேன் என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுதினார்கள். வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை டீ வரவில்லை.

நிர்வாகம் நியாயமாகத்தான் நடந்துகொண்டது. அவன்மேல் சொன்னதை வாபஸ் வாங்கி, ஸ்டோர்ஸில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். இப்போது மற்றவர்களுக்குக் கையுறை எடுத்துக் கொடுக்கிறான். என்னை நீக்கிவிட்டார்கள். காரணம், நேர்மைக்குறைவு. பொய் சொன்ன மூன்று மாதம் நான் நல்ல தொழிலாளி, பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொண்ட நாளில் நேர்மையில்லாதவன். கடிதத்தைப் படித்த என் மனைவி, "சரிதானே எழுதியிருக்காங்க" என்றாள். பிறகு எனக்கு மட்டும் ஒரு முட்டை அதிகமாகப் பொரித்து வைத்தாள். இப்போது ஒரு சின்னப் பட்டறையில் வேலை. இங்கே மெஷினில் பட்டனே இல்லை, காலால் அழுத்தும் மிதிதான்.

ஒரு வருடம் கழித்துப் படம் வந்தது. பேரிகைக்காரன்தான் போன் செய்தான். "வாடா, நம்ம படம், நாமளே பாக்கலன்னா எப்பிடி" என்றான். ஓசூரில் ஒரு தியேட்டருக்கு, அவன் பைக்கில் என்னைப் பின்னால் வைத்து மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான். இடது கையில் கிளட்ச் பிடிக்கும்போதெல்லாம் உள்ளங்கையை வைத்து அமுக்கினான். நான் ஓட்டுகிறேன் என்றதற்கு, "வர்றப்ப ஓட்டு" என்றான்.

இடைவேளைக்கு முன்னால் என் முகம் வந்தது. திரை முழுக்க நான். இரண்டு விநாடி, வாய் பிளந்து, கண் பிதுங்கி, உயிர் தப்பினால் போதும் என்று ஓடுகிறேன். அந்த அளவுக்குப் பெரிதாக என் முகத்தை நான் பார்த்ததில்லை. பக்கத்து சீட்டிலிருந்து அவன் எழுந்து, "டேய்! எங்கடா போற? திரும்பி வாடா!" என்று கத்தினான். தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

கடைசியில் சுமக்கும் காட்சி. முகம் தெரியும்போது நாயகன், கண்ணீர், வசனம். முதுகு தெரியும்போது நான். ஜனம் விசிலடித்தது நாயகனுக்கு. பிறகு தொங்கும் கை, அருகில், திரையின் பாதி அகலத்துக்கு. முன் சீட்டுக்காரர் தன் பக்கத்திலிருந்தவரிடம், "கை பாரு, செம கிராஃபிக்ஸ்" என்றார்.

பேரிகைக்காரன் முன்னால் குனிந்து, அந்தக் கையாலேயே அவர் தோளைத் தொட்டான். "அது எங்கைண்ணா. தூக்கினு போறானே, அந்த முதுகு இவனுது" என்றான்.

அவர் அரை இருட்டில் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், உற்றுப் பார்த்தார். "அப்ப மொதல்ல ஒருத்தன் ஓடினானே, அதுவும் இவர் மாதிரி இருந்துச்சே?"

"அதுவும் இவந்தான். மொதல்ல ஓடினான். அப்பறம் வந்தான்."

அதோடு நிறுத்திக்கொண்டு அவன் திரையைப் பார்க்கத் திரும்பினான். இடையில் இருந்த மூன்று மாதத்தை அவரிடம் சொல்லியிருக்கலாம், ஆஸ்பத்திரியையும் ஆரஞ்சையும் சொல்லியிருக்கலாம். திரையில் முரசு அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. நாயகனுக்காக அழுகிறேன் என்று முன் சீட்டுக்காரர் நினைத்திருப்பார்.

வெளியே வந்து வண்டி நிறுத்தும் இடத்தில் கூட்டம் கலையக் காத்து நின்றோம். அவன் பாக்கெட்டிலிருந்து பைக் சாவியை எடுத்தான். நான் கை நீட்டினேன். சாவியை உள்ளங்கையில் வைத்துவிட்டு, கையை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தான்.

"குடுத்தன்" என்றான்.

சுற்றிலும் ஹாரன் சத்தம். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் இன்னும் கையை எடுக்கவில்லை. விரலை மூடிக்கொண்டு கத்திச் சொன்னேன்.

"வாங்கிட்டன்."